காத்தாற உக்காருற வீடு

எலுமிச்சைப்புல்லை வெயில் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் தாள் சுருண்டு ஓரம் பழுப்படித்துவிடும். பிறகு சந்தையில் ஒரு கையும் அதைத் தொடாது. அதனால் சனிக்கிழமைகளில் கிழக்கு வெளுக்கும்போதே நெங் மாமனாரின் வயலில் இருப்பான். மனைவி ஷுவா உயிரோடு இருந்தபோது அவள்தான் அவனைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு வருவாள். இப்போது இழுக்க ஆள் இல்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது என்று தெரியாததால் வந்துவிடுகிறான்.

வயல் ரோபிள்ஸ் ஊருக்கு வெளியே, பாதாம் தோப்புகளுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி இருந்தது. மூன்று ஏக்கர் குத்தகை. புல், பாகற்காய், காராமணி, மிளகாய். அந்தப் பள்ளத்தாக்கில், போருக்குப் பயந்து அகதிகளாக வந்த மொங் சனங்களின் நிலமெல்லாம் இப்படித்தான், பெரிய தோப்புக்காரர்கள் விட்டுவைத்த மூலைகளில் இருக்கும்.

"மாப்ளே, புல்லை அறுக்க வந்தியா, அதுக்குத் தலை வாரிவிட வந்தியா?" என்றார் மாமனார் நியா பாவ். கிழவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் அரிவாள் போகிற போக்கில் தடங்கல் இருக்காது.

"அறுக்கறேன் மாமா."

"தாழ அறு. வெள்ளைத் தண்டைத்தான் சனம் பாக்கும். பொத்தான் தட்டுற கையில்ல, அதான் மேலாலயே தட்டிக்கிட்டு இருக்கு."

"அவரை விடுங்க. வந்தாரே, அதுவே பெருசு." கொட்டகைக்குள்ளிருந்து மாமியார் யெர் குரல் கொடுத்தாள். தொட்டித் தண்ணீரில் அலசி, கட்டுக் கட்டாக ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ உன் ரப்பரைப் பாரு. நாங்க மாமனும் மாப்ளையும் பேசிக்கறோம்."

"பேசுறதுன்னா உருப்படியாப் பேசுங்க. எப்ப விடப்போறாருன்னு கேளுங்க."

கிழவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். நெங் குனிந்தபடியே இருந்தான்.

செத்து ஒரு வருஷம் திரும்பியதும் ஆவியை விட வேண்டும். வட்ட முறத்துக்குச் செத்தவரின் சட்டையைப் போர்த்தி, கடைசியாக ஒருமுறை வீட்டுக்குள் கூப்பிட்டு, அரிசிப் பணியாரம் வைத்து, போய் வேறெங்காவது பிறந்துகொள் என்று முறத்தை உருட்டிவிடுவார்கள். உருட்டாதவரை ஆவி போக வழி தெரியாமல் வீட்டைச் சுற்றும். பெண்ணாக இருந்தால் புருஷன் வீட்டார்தான் செய்ய வேண்டும். பெற்றவர்கள் கேட்கலாம், கெஞ்சலாம், செய்ய முடியாது. ஷுவா போனது போன வருஷத்துக்கு முந்தைய தை மாதத்து மூடுபனியில். நெடுஞ்சாலையில் முன்னால் நின்ற லாரி தெரியவில்லை. இப்போது ஜூலை.

"அறுவடை முடியட்டும் அத்தை" என்றான் நெங்.

"போன அறுவடைக்கும் இதேதான் சொன்னீங்க. எம் பொண்ணு எங்க நிக்கிறாளோ, என்ன தின்றாளோ. உங்களுக்கு வீடு இருக்கு, எங்களுக்கு வயல் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

அடுத்த குத்தை அறுத்தான். தாழ அறுத்தான்.

வெயில் தோப்புக்கு மேலே வந்ததும் கொட்டகையில் சோறு. ஒட்டுச்சோறு, பன்றிக்கறி போட்டு வேகவைத்த கடுகுக்கீரை, இடித்த மிளகாய். யெர் மறுபடி தொட்டிக்குப் போனதும் கிழவர் கண்ணைக் காட்டினார். இருவரும் பழைய வண்டியின் மறைவில் போய் உட்கார்ந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, கட்டைவிரலால் தடவித் தடவி ஓர் இடத்தை அமுக்கினார்.

ஷுவாவின் குரல் வந்தது. மொங் மொழியில், நிதானமாக, வீட்டில் பேசுகிற மாதிரி. *வெயில் நூறைத் தாண்டினா வீட்ல கெடந்து வேகாதீங்க. காத்தாற உக்காருற வீடு தெறந்திருக்கும். பத்து மணிக்கு மேல கால்வாய்த் தெருவுக்குப் போங்க.*

"இன்னொரு வாட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அமுக்கினார்.

மாவட்ட அலுவலகத்தின் இணையதளத்தில் மொங் பக்கங்களெல்லாம் அவள் எழுதியவை. தடுப்பூசி, கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை, பஸ், வெயில். எங்கள் கிழவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், யாருக்காக எழுதுகிறோம் என்று சண்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் தானே வாசித்துப் பதிவு செய்து, பக்கத்தின் தலைமாட்டில் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னாள். அந்தப் பொத்தானை வைத்துக் கொடுத்தவன் நெங். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம். வெயில் காலத்தில் ஏசி போட்டுப் பொதுச்சனத்துக்குத் திறந்துவைக்கும் கூடத்துக்கு ஆங்கிலத்தில் குளிரூட்டும் மையம் என்று பெயர். அதை அப்படியே சொல்லிக்காட்டியபோது, "மீனை ஐஸ்ல வெப்பாங்களே, அதுவா?" என்று நியா பாவ் கேட்டாராம். அன்றைக்கு அப்பனும் மகளும் ஃபோனில் உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான் காத்தாற உக்காருற வீடு.

"ஏதோ மெஷின் வருதாமே? சந்தையில சொன்னாங்க."

"வந்தாச்சு மாமா. இனிமே அதுவே எழுதும், அதுவே பேசும்."

"அப்ப இவ பேசமாட்டாளா?"

"பேசுவா. பூட்டி வெச்சிருக்கேன். அது தொட முடியாது."

"பூட்டியா? என்ன, கோழியா?" கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்க அத்தை சொல்றதும் ஞாயந்தான் மாப்ளே. விடத்தான் வேணும். செத்தவங்க குரல் கேட்டா பதில் குடுக்கக் கூடாதும்பாங்க. நான் பதிலா குடுக்கறேன்? கேக்கறேன், அவ்வளவுதான்."

ஃபோனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பூட்டு கெட்டிதானே?"

"கெட்டிதான் மாமா."

*

அலுவலகத்தில் எல்லாரும் மெஷினைப் பற்றி நல்லபடியாகவே பேசினார்கள். மேலதிகாரி க்ளோரியா வசந்தத்திலேயே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்.

"இங்கிலீஷ்ல ஒரு வரி மாறினாப் போதும் நெங். ஸ்பானிஷ், பஞ்சாபி, மொங் மூணும் தானா மாறிக்கும். குரலும் அதுவே. நீயும் நானும் காபி குடிக்கலாம்."

"சரி."

"ஷுவா இருந்தப்ப ஒரு நோட்டீஸ் மொங்ல வர ரெண்டு நாள் ஆகும். தப்பா எடுத்துக்காதே."

"எடுத்துக்கல."

"நீ எதையுமே எடுத்துக்கறதில்லப்பா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த ஏற்பாட்டை அமைத்தவன் நெங். வேலை சிக்கலானது அல்ல. பக்கத்தை அது வாக்கியம் வாக்கியமாக நறுக்கும். ஒவ்வொன்றுக்கும் பழைய மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதன் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளும், மூலம் மாறியிருந்தால் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதும். ஆள் எழுதிய வாக்கியத்தைத் தொடாதே என்று பூட்டுப் போட ஒரு வழி இருந்தது. எங்கோ சட்ட வாசகங்களுக்காக வைத்தது. நெங் ஷுவாவின் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் போட்டான். குரலுக்கும் போட்டான். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

க்ளோரியா பார்த்தாள்.

"பூட்டினது பழசாயிடுச்சுன்னா அது உனக்கு மெயில் போடும். அதை மட்டும் விட்டுடாதே. வேற யாருக்கும் அது போகாது."

"பாத்துக்கறேன்."

முதல் மெயில் ஒரு வாரத்தில் வந்தது. *ஷுவா வூ எழுதிய வாக்கியம் பழையதாகிவிட்டது. புதியதை ஏற்கலாமா?* தடுப்பூசிப் பக்கத்தில் ஏதோ நேரம் மாறியிருந்தது. அவன் அந்த வரியைப் பார்த்தபடி காலை முழுக்க உட்கார்ந்திருந்தான். பிறகு வேண்டாம் என்று அமுக்கினான். அடுத்த நாள் இன்னொன்று வந்தது. பிறகு தினமும். ஒவ்வொன்றிலும் அவள் பெயர், ஒவ்வொன்றிலும் பழையதாகிவிட்டது என்ற சொல். அவன் அவற்றையெல்லாம் கண்ணில் படாமல் தானாகவே தனிக் கோப்புறை ஒன்றில் போய் விழும்படி செய்துவிட்டான். அதற்கப்புறம் அலுவலகத்தில் இருப்பது சுலபமாக இருந்தது.

*

கால்வாய்த் தெருவில் ஓய்வுபெற்ற சிப்பாய்களின் பழைய கூடம் ஒன்று உண்டு. வெயில் காலங்களில் அதைத்தான் திறந்துவைப்பார்கள். மொங் வீடுகளுக்கு நடக்கிற தூரம் இல்லை, ஆனால் தக்காளி ஆலைக்குப் போகிற வழி. ஜூலைக் கடைசியில் அதன் ஏசி புகைந்துபோனது. மையத்தை ஊரின் மறுகோடியில் இருக்கும் நூலகத்துக்கு மாற்றினார்கள். க்ளோரியா ஆங்கிலத்தில் ஒரு வரியை மாற்றினாள். ஸ்பானிஷும் பஞ்சாபியும் கூடவே மாறின. நெங்குக்கு ஒரு மெயில் போனது. அது போகிற இடத்துக்குப் போனது.

அந்த வாரம் வெயில் நூற்றுப் பதினைந்து. பாதாம் தோப்பின் தூசு கீழே இறங்காமல் அப்படியே நின்றது. வயலில் ஒருவரும் இல்லை. புதன்கிழமை காலை அலுவலகத்துக்கு யெர் ஃபோன் செய்தாள்.

"மாப்ளே, வீட்டுக் கூலர் நின்னுபோச்சு. தண்ணியும் ஏறல, காத்தும் வரல. அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

"சாயங்காலம் வந்து பாக்கறேன் அத்தை."

"எனக்குத் தக்காளி ஆலையில வேலை. அங்கயாவது ஃபேன் ஓடுது. இவரை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? சட்டையைக் கழட்டிட்டு சிமெண்டுத் தரையில கெடக்காரு."

"கூடத்துல கொண்டு விட்டுடுங்க. அதான் தெறந்து வெச்சிருப்பாங்களே."

"தெறந்திருக்கா? உறுதியாத் தெரியுமா?"

"மாமாகிட்ட கேளுங்க. அவர் ஃபோன்ல இருக்கு."

"அவ குரலைக் கேக்கச் சொல்றீங்களா?"

"தகவல்தானே அத்தை."

"தகவலாம்" என்றாள். பின்னால் கிழவரின் குரல் கேட்டது. "கேட்டுட்டேன்டி. கால்வாய்த் தெருவுதான். பத்து மணிக்குத் தெறப்பாங்களாம். உம் பொண்ணு சொல்லிட்டா, கெளம்பு, கெளம்பு."

சந்தோஷமான குரல். மனைவி முன்னால் வெளிப்படையாக அதை அமுக்கிக் கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா.

யெர் வண்டியில் கொண்டுபோய் இறக்கியபோது பத்து ஆகவில்லை. கதவு சாத்தியிருந்தது. சாத்தித்தானே இருக்கும். ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் ஒட்டுச்சோற்றுப் பொட்டலமும் கொடுத்துவிட்டு அவள் ஆலைக்குப் போனாள். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில். யெருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கிழவருக்குக் காகிதம் இருப்பதே தெரியாது.

கூடத்தின் படிகள் காலையில் நிழலில் இருக்கும். பிறகு நிழல் சுவரோடு ஒட்டும். பிறகு இருக்காது.

*

கூடத்துக்கு எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரம்மாதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டவள். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து, நெங்கும் யெரும் வந்து சேரும்வரை கையில் கிழவருடைய ஃபோனை வைத்துக்கொண்டு நின்றாள். யெர் உள்ளே ஓடினாள். இனி உள்ளே போக அவசரம் எதுவும் இல்லை என்று நர்ஸின் முகத்திலேயே நெங்குக்குத் தெரிந்துவிட்டது.

"ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி" என்றாள் அந்த அம்மா. "படியில உக்காந்திருந்தாரு. யாரோ பொண்ணு பேசிக்கிட்டே இருந்துச்சு ஃபோன்ல. நிக்கும், திரும்பப் பேசும். மக வந்து கூட்டிட்டுப் போகப்போறா, அதான் பேசிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன். சிரிச்சாருப்பா. தலையைத் தலையை ஆட்டினாரு. நான் குக்கர் வைக்க உள்ள போனேன். திரும்பி வந்து பாத்தா படியில சாஞ்சிருக்காரு. ஒரு சொம்பு தண்ணி கொண்டு குடுத்திருக்கலாம். அது தோணாமப் போச்சே."

"உங்க தப்பு இல்லம்மா."

"அந்தப் பொண்ணு யாரு? அவளுக்குச் சொல்லியாச்சா?"

நெங் ஃபோனை வாங்கிக்கொண்டான். அது இன்னும் சூடாக இருந்தது.

*

சாவு வீட்டில் மூன்று நாள் மூங்கில் குழலும் மத்தளமும் நிற்கவில்லை. மாமனாரின் வூ குலத்தார் ஃப்ரெஸ்னோவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை என்ற முறையில் நெங் விறகு தூக்கினான், கறி வெட்டினான், மண்டியிட வேண்டிய இடத்தில் மண்டியிட்டான். சொன்னதைச் செய்வது அவனுக்குப் பழகியிருந்தது.

இரண்டாம் நாள் பின்கட்டில், கறி வேகும் பெரிய அண்டாவின் பக்கத்தில், யெரிடம் சொன்னான். இடம், கூட்டம் எதுவும் சரியில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அத்தை, கூடத்தை மாத்திட்டாங்க. மத்த எல்லா பாஷையிலயும் மாறிடுச்சு. மொங்ல மட்டும் மாறல. நான்தான் பூட்டி வெச்சிருந்தேன். அவ எழுதினது போயிடக் கூடாதுன்னு."

யெர் அண்டாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மெயில் வந்திருக்கு. நான் பாக்கல. என்னாலதான்."

"எனக்கு உன் மெயிலு, பூட்டு ஒண்ணும் புரியாது." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவனை ஒருமையில் பேசினாள். "அவ கூப்பிட்டா, இவரு போனாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போக வேண்டியவளை நீ போக விடல. அவ என்ன பண்ணுவா? தனியா எத்தனை நாள் நிப்பா? அப்பனைக் கூட்டிக்கிட்டா."

"அது அவ இல்ல அத்தை. பழைய பதிவு."

"விடுன்னு சொன்னேன். விட்டியா?"

"விடல."

"அப்புறம் என்ன? நீ சொல்றதும் அதுதானே, நான் சொல்றதும் அதுதானே." கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினாள். "உப்புப் பாரு. எனக்கு நாக்கு செத்துக்கிடக்கு."

அவன் கையில் ஊற்றி உப்புப் பார்த்தான். சரியாக இருப்பதாகச் சொன்னான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

*

அலுவலகத்தில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. க்ளோரியா கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"மேல கேட்டாங்க. கதவுல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு, தளத்துலயும் மாத்தியிருந்துச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன். நம்ம பக்கம் முடிஞ்சுபோச்சு."

"மொங்ல மாறல."

"அதை யாரும் கேக்கல நெங்."

"நான் சொல்றேன்."

"சொல்லி? உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் அந்தப் பூட்டையெல்லாம் வேற எவனாவது வந்து ஒடைப்பான். இதுல யாருக்கு என்ன வரப்போகுது?"

அவள் போன பிறகு அவன் அந்தக் கோப்புறையைத் திறந்தான். மெயில்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தன. கூடத்தைப் பற்றியது நடுவில் எங்கோ இருந்தது. அவன் அதைத் தேடவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, குரலுக்கும் சேர்த்துப் பூட்டை எடுத்தான். நிச்சயமா என்று ஒருமுறை கேட்டது. காபி எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் முடிந்துபோயிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, நூலகத்தின் விலாசம், நேரம், பஸ் எண் எல்லாம்.

*

புல் யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த சனிக்கிழமை நெங் வயலுக்குப் போனபோது யெர் தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த வரிசையில் இறங்கினான். வெயில் தோப்புக்கு மேலே வரும்வரை இருவரும் அறுத்தார்கள்.

"அடுத்த மாசம் முறம் உருட்டிடலாம் அத்தை" என்றான். "எங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"ம்."

கொட்டகையில் சோறு வைத்தாள். பழக்கத்தில் மூன்று கிண்ணம் எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்தாள். இருவரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சட்டைப்பையில் வைத்திருந்த கிழவரின் ஃபோனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"போடு."

"அத்தை..."

"வண்டி மறைவுல உக்காந்து ரெண்டு பேரும் கேட்டது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? நான் தொட்டிகிட்ட கைய நிறுத்திட்டு நிப்பேன். அங்க வரைக்கும் வார்த்தை கேக்காது. ராகம் மட்டும் கேக்கும்." அவள் அவனைப் பார்க்காமல் வயலைப் பார்த்தாள். "கூப்பிட்டா கூப்பிடட்டும். எனக்கு இங்க என்ன இருக்கு? போடு."

"இப்ப அது..."

"போடுன்னு சொல்றேன்."

அவன் அமுக்கினான்.

*வெயில் நூறைத் தாண்டினா வீட்ல கெடந்து வேகாதீங்க. காத்தாற உக்காருற வீடு தெறந்திருக்கும். நூலகத்துக்குப் போங்க.* தெளிவான பெண் குரல். மூச்சு வாங்காத குரல். ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது.

யெர் முன்னால் சாய்ந்து, காதை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். போட்டான். மறுபடியும் கேட்டாள்.

"வார்த்தை அவளோடது" என்றாள். "காத்தாற உக்காருற வீடு. அவரும் அவளும் சேந்து வெச்சது. வேற யாருக்கும் இப்படிச் சொல்ல வராதே." கண்ணைச் சுருக்கி ஃபோனைப் பார்த்தாள். "ஆனா இவ அவ இல்ல. யாரு இது?"

"யாருமில்ல அத்தை" என்றான் நெங்.

அவள் எழுந்து, மிச்சமிருந்த புல்லைத் தொட்டிக்குள் தள்ளினாள்.